அப்பாவை நைலில் கரைக்க வந்தவனுக்கு

அன்புள்ள மகனுக்கு என்று எழுதத் தொடங்கி, முதற்சொல்லை வெட்டிவிட்டேன். அன்பு எங்கேயும் ஓடிவிடாது, அது ஒரு பக்கம் கிடக்கட்டும். இப்போது எனக்கு உன்மேல் இருப்பது கோபம். அதை முதலில் எழுதி முடிக்கிறேன். எகிப்திலிருந்து திரும்பிய நாளிலிருந்து நீ தொலைபேசியை எடுப்பதில்லை. எடுத்தாலும் பிரெஞ்சில் இரண்டு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். பிரெஞ்சில் சண்டை பிடிக்க நான் பழகவில்லை. கந்தோர் மேசைகளைத் துடைக்கப் போன இடங்களில் "உய் மதாம், நோன் மதாம்" என்பதற்கு மேல் எனக்கு அந்தப் பாஷை தேவைப்பட்டதே இல்லை. அதனால் என் வாயில் வரும் பாஷையிலேயே, நாலு பேர் வாசிக்கத்தக்கதாக எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கப் பஞ்சி என்றால் உன் தங்கச்சியிடம் கொடு, அவள் வாசித்துச் சொல்லுவாள்.

நாலு பேர் எதற்கு என்று கேட்பாய். நாலு பேர் ஏற்கெனவே கதைக்கிறார்கள், அதற்குத்தான். போன கிழமை லாச்சப்பல் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கிறேன், எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி மற்றவளுக்குச் சொல்கிறாள்: "உவதான். மனுசன் செத்து ஒரு வருசமாகேல்லை, ஆட்டைத் திவசம்கூட முடியேல்லை, மகனோட எகிப்துக்கு வக்கான்ஸ் சுத்திப்போட்டு வந்திருக்கிறா. ஆத்துக்கு நடுவிலை தாயும் மகனும் அடிபட்டவையாம்." முருங்கைக்காயைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். "தங்கச்சி, உதை ஆர் சொன்னது?" என்று கேட்டேன். "சும்மா கேள்விப்பட்டது அக்கா" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய்ப் பக்கம் நழுவிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உன் வாயையாவது மூடியிருக்கலாம். நானும் நீயும் படகுக்காரனும்தான் அங்கே இருந்தோம், அந்தப் படகுக்காரன் லாச்சப்பலுக்கு வந்து கதை சொல்லியிருக்க மாட்டான். சரி, பாதிக் கதை வெளியே வந்துவிட்டது. மீதியை நானே சொல்கிறேன்.

உன் அப்பா போன புரட்டாதியில் கண்ணை மூடினார். எரித்தோம். கொள்ளி வைக்க வேண்டிய நீ அங்கே ஒரு பொத்தானை அமத்தினாய். அது இந்த நாட்டு முறை, அதில் எனக்குக் குறை இல்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவு செய்தோம், முப்பத்தோராம் நாள் மண்டபம் எடுத்து அந்தியேட்டி செய்தோம். மிஞ்சியது சாம்பல். அதை யாழ்ப்பாணத்தில் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் கரைந்தார்கள், அவருடைய ஆட்களும் அங்கேதான். ஆனால் நான் கொண்டுபோக முடியாது. எங்களுக்கு இந்த நாடு தந்த அகதிப் பயணப் புத்தகத்தில், எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக்கூடாது என்று அடித்திருக்கிறது. தங்கச்சி பிள்ளைத்தாச்சி, அவளை அனுப்ப முடியாது. மிஞ்சியது நீ. ஆடி மாதம் லீவு எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாய். அதுவரைக்கும் எரித்த இடத்திலேயே பத்திரமாக வைத்திருப்பார்கள் என்றாய். நான் நம்பினேன். பெற்ற பிள்ளையை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அதற்குப் பிறகு மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாய். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "அம்மா, அப்பா எகிப்து பாக்கவேணும் பாக்கவேணும் எண்டு பாக்காமலே போட்டார். நாங்கள் அவருக்காண்டிப் போய்ப் பாத்திட்டு வருவம்." ஆண்டு திரும்பும்வரை தேர்த்திருவிழாவுக்கே போகாமல் இருக்கிற வீடு இது. "விசரோ உனக்கு? ஆக்கள் காறித் துப்புவினம்" என்றேன். "டூர் இல்லை அம்மா, அப்பான்ர ஆசை" என்றாய். அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். ரூ லூயி-பிளாங் தெருவில் டிக்கெட் போடுகிற கடைக்காரர்கூட, "எகிப்துக்கோ அக்கா? நீங்களோ?" என்று இரண்டு தரம் கேட்டார். அவருக்கு இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை.

அந்த ஆசை எனக்குத் தெரியாததா? முப்பது வருடம் அதோடு குடித்தனம் நடத்தியவள் நான். றெஸ்ரோரண்டில் ஆறு நாள் சட்டி கழுவிவிட்டு, திங்கட்கிழமை லீவில் மனுசன் ரிவிக்கு முன்னால் குந்திவிடுவார். எந்த அலைவரிசையில் எகிப்து போகிறது என்று எப்படித்தான் மணந்து பிடிப்பாரோ தெரியாது. பிரெஞ்சில் சொல்வது பாதி விளங்காது, விளங்காத பாதியைத் தானே இட்டுக்கட்டிச் சொல்லுவார். "இஞ்சாரும், ஓடி வாரும், ராசான்ர பல்லைப் பாரும்!" என்று கூப்பிடுவார். நான் அடுப்பில் மீனை வைத்துவிட்டுச் செத்தவன் பல்லைப் பார்க்க ஓடவேண்டும். உன்னைச் சின்னனில் ஞாயிற்றுக்கிழமைகளில் கொன்கோர்த் சதுக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போவார், அங்கே எகிப்திலிருந்து கொண்டுவந்து நட்ட அந்த நெட்டைக் கல்லுத் தூணைக் காட்ட. பனியில் நான் விறைத்துக்கொண்டு நிற்பேன். "பார் மோனை, இவனும் எங்களை மாதிரி வந்தவன்தான். பப்பியே இல்லை, விசா இல்லை, நடு ரோட்டிலை நிக்கிறான், ஒரு பொலிஸும் மறிக்கேல்லை" என்று உனக்குச் சொல்லிச் சிரிப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது பப்பியே என்கிற அந்த வதிவிடத் தாள்கள் இல்லை. எனக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

பிரமிட்டைப் பார்த்தேன். பார்த்தேனே ஒழிய எனக்கு ஒன்றும் வரவில்லை. வெயில், ஒட்டக மூத்திரம், நாலு பக்கமும் பிடுங்கல். "இந்தியா? நமஸ்தே! நமஸ்தே!" என்று கத்திக்கொண்டு ஒருவன் என் தலையில் துணியைக் கட்ட வந்தான். "எடடா கையை!" என்றேன். தமிழ் நன்றாகவே விளங்கியது அவனுக்கு. உள்ளே போக வேண்டும் என்று நீ நின்ற பிடியில் நின்றாய். நாரி முறிய இடுப்பை இரண்டாக மடித்துக்கொண்டு, முன்னால் போகிற யாரோ ஒரு வெள்ளைக்காரனின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஏறினேன். மேலே ஒரு வெறும் அறை, அதற்குள் ஒரு கல்லுப் பெட்டி, அதுவும் வெறும் பெட்டி. மலை அளவு கல்லை அடுக்கி, ஆளை வைத்து, கடைசியில் ஆளும் இல்லை. நீ அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். "பையைக் கழட்டி வையன், முதுகெல்லாம் வேர்க்குது" என்றேன். கழற்றவில்லை. விமானத்திலும் அதைக் காலடியில்தான் வைத்திருந்தாய், சாப்பாட்டு மேசையிலும் மடியில்தான். ஏதோ கணினி என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தவனை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன்.

அடுத்தது அஸ்வான். பின்நேரம், பாய்மரப் படகு, நீயும் நானும், பின்னால் சுக்கானைக் காலால் பிடித்துக்கொண்டு படகுக்காரன். நல்ல காற்று. உண்மையைச் சொன்னால் அந்த ஒரு அரை மணித்தியாலம் எனக்குப் பிடித்திருந்தது. "கொப்பருக்கு இதைக் காட்டியிருக்கலாம்" என்று உன்னிடம் சொன்னேன். அதற்காகவே காத்திருந்தவன் போல நீ படகுக்காரனுக்குக் கையைக் காட்டினாய், அவன் பாயை இறக்கினான், நீ பையைத் திறந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து மடியில் வைத்தாய். மேலே பித்தளைத் தகட்டில் அவருடைய பெயர்.

"இதென்ன?" என்றேன்.

"அப்பா."

"எந்த அப்பா?" என்று கேட்டேன். விசர்க் கேள்விதான். வேறு என்ன வாயில் வரும்?

"அம்மா, கோவிக்காதேங்கோ. அப்பா கேட்டவர். ஹொப்பித்தாலிலை வச்சுக் கேட்டவர். தன்னை ஊருக்குக் கொண்டுபோக வேண்டாமாம். இஞ்சை ஆத்திலை விடட்டாம்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் விடமாட்டியள் எண்டு."

"அது அவர் சொன்னதோ, நீ சொல்லுறதோ?"

"அவர்தான் சொன்னவர். 'கொம்மாட்டைச் சொல்லாதை. அவ அழுதால் நான் மாறிப்போவன்' எண்டு சொன்னவர்."

நீ மூடியில் கையை வைத்தாய். நான் பறித்தேன். அதைத்தான் ஊர் அடிபாடு என்கிறது. படகு சரிந்தது, படகுக்காரன் ஏதோ கத்தினான், பக்கத்தில் போன படகில் இருந்த வெள்ளைக்காரர் படம் எடுத்தார்கள். நீயும் கத்தினாய், தமிழில் கத்தினாய். அவ்வளவு நல்ல தமிழ் உன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "உயிரோட இருக்க விடாத இடத்துக்குச் சாம்பலாப் போய் என்ன செய்ய எண்டு கேட்டவர் அம்மா! நான் என்ன செய்ய?" நான் பெட்டியை என் சீலைத் தலைப்பால் சுற்றிக் கட்டிக்கொண்டு, "கரைக்கு விடச் சொல்லடா" என்றேன். கரைக்கு வந்தோம். அதன் பிறகு லுக்சோர் வரைக்கும் கப்பலில் வந்த நாட்களில் நீயும் நானும் உப்பைத் தா, தண்ணியைத் தா என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

நீ நாளைக்கு ஒருத்தியைக் கட்டப் போகிறாய். அவள் பிரெஞ்சுக்காரியோ தமிழோ, அது உன் பாடு. ஆனால் இதை மட்டும் கேள். ஒரு ஆளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இன்னொரு ஆளை ஏமாற்றுவது வாக்குக் காப்பதில் சேர்த்தி இல்லை. செத்தவர் சொன்னார், செத்தவர் சொன்னார் என்று உயிரோடு இருப்பவளை ஆற்றுக்கு நடுவில் கொண்டுபோய், இறங்கி ஓட வழியில்லாத இடத்தில் வைத்துச் சொல்லுவாயா? என் வீட்டுக் குசினியில் வைத்துச் சொல்ல உனக்கு ஏன் வாய் வரவில்லை? பயம். அப்பனுக்கும் பயம், பிள்ளைக்கும் பயம். இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து என் அழுகைக்குப் பயந்து ஒரு நாட்டையே தாண்டிப் போனீர்கள். நான் அழுதால் என்ன? அழுது முடித்துவிட்டுச் சோறு போட்டிருப்பேன்.

ராசாக்களைப் புதைத்த பள்ளத்தாக்குக்கு நீ வரவேண்டாம் என்றாய், நான் வந்தேன். காசு கட்டியாகிவிட்டது, அதோடு உன்னை நம்பிப் பெட்டியைக் கப்பலில் விட நான் தயாராக இல்லை. கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். நல்ல பாரம், தோள் இறங்கிவிட்டது. வாசலில் பையை யந்திரத்தில் போட்டார்கள். பொலிஸ்காரன் பெட்டியை வெளியே எடுத்து, என்ன இது என்று கேட்டான். நீ ஆங்கிலத்தில் ஏதோ சுற்றி வளைத்தாய், கையில் தாள்கள் வேறு. நான் "மொன் மறி" என்றேன், என் புருசன் என்று. அவனுக்குப் பிரெஞ்சு தெரியுமோ தெரியாதோ, என் முகத்தைப் பார்த்தான். எழும்பி நின்றான். நெஞ்சில் கையை வைத்து மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பித் தந்தான். ஊர் பெயர் தெரியாத அவனுக்கு இருந்த மரியாதை உனக்கு இருக்கவில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதை மாற்றவில்லை.

கீழே இறங்கினால் சுவரெல்லாம் சாப்பாடு. செத்தவன் கதிரையில் இருக்கிறான், அவனுக்கு முன்னால் ரொட்டி, தாரா, பழம், குடிக்கிற சாமான் என்று குவித்துக் கீறியிருக்கிறார்கள். எட்டுச் செலவுக்கு நாங்கள் வாழையிலையில் படைத்தது போலவேதான். உன் அப்பா ரிவியில் இதைக் காட்டியபோது நான் மீன் பொரித்துக்கொண்டு நின்றிருப்பேன். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிப் பெண் நல்ல பிரெஞ்சு பேசினாள். இந்த ராசா எங்கே என்று கேட்டேன். இங்கே இல்லை மதாம், கள்ளருக்குப் பயந்து அந்தக் காலத்திலேயே பூசாரிகள் உடல்களைத் தூக்கித் தூக்கி வேறு வேறு குழிகளில் ஒளித்தார்கள், பிறகு கண்டெடுத்தவர்கள் கெய்ரோவுக்குக் கொண்டுபோய் மியூசியத்தில் வைத்தார்கள் என்று எனக்கு விளங்குகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "அவரை ஆராவது கேட்டவையோ?" என்று என்னுடைய உடைந்த பிரெஞ்சில் கேட்டேன். அவள் சிரித்தாள். "ஒருத்தரும் கேட்கவில்லை மதாம்" என்றாள். எல்லோரும் நல்லதுக்கென்றுதான் தூக்கியிருக்கிறார்கள். என் தோளில் பையின் வார் வெட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை, மேலே வந்துவிட்டேன். நீ தண்ணீர்ப் போத்தலை நீட்டினாய், நான் வாங்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு விஷயம் நினைவு வந்து தொலைந்தது. இங்கே ஸ்தேனில் இருந்த உன் பெரியப்பா செத்தபோது, சாம்பலை யாரோ ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்துக் கீரிமலைக்கு அனுப்பினார்கள். அந்தியேட்டிச் சாப்பாட்டில் எல்லோரும், "அண்ணை குடுத்து வச்சவர், ஊருக்குப் போட்டார்" என்று சொல்லிக்கொண்டிருக்க, உன் அப்பா பாயசத்தைக் குடித்துக்கொண்டு சொன்னார்: "பாவம் அண்ணை. அவ்வளவு காலம் ஒளிச்சு ஓடியும் கடைசியிலை பிடிச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்." சபையே சிரித்தது. நான் அவர் தொடையில் கிள்ளி, "இழவு வீட்டிலை பகிடி விடாதேங்கோ" என்றேன். அவர் சிரிக்கவில்லை என்பது எனக்கு லுக்சோர் பஸ்ஸில்தான் பிடிபட்டது. பப்பியே கேட்டு மூன்று தரம் விண்ணப்பித்து, மூன்றாந்தரம் கிடைக்கும்வரை படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே லைட்டை நூர்த்துவிட்டு இருந்த மனுசன். அவரைத்தான் நான் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பப் பார்த்தேன் என்று நீ சொல்லுவாய். சொல்லு. ஆனால் எனக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் அந்த மண்ணை விட்டு வந்து, என் அம்மாவின் செத்தவீட்டைத் தொலைபேசியில் கேட்டவள். அழுகைச் சத்தம் கேட்டது, பறைச் சத்தம் கேட்டது, காசு முடிந்து தொடர்பு அறுந்தது. அவரையாவது கீரிமலைக்கு அனுப்பினால், என்னுடையது என்று ஏதோ ஒன்று அங்கே போய்ச் சேரும் என்று இருந்தேன். ஆட்டைத் திவசத்துக்கு, "உங்கடை அவர் இஞ்சைதான் கரைஞ்சவர்" என்று அங்கே யாரும் சொன்னால் போதும் என்று இருந்தேன். எனக்காகத்தான் கேட்டேன், அவருக்காக அல்ல. அதில் எனக்கு வெட்கம் இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு, புருசன் பெண்சாதிக்கும் அப்படித்தான். அவருக்கு அந்த ஊர் வேண்டாம், எனக்கு வேணும். இதைச் சொல்லிச் சண்டை பிடிக்க எனக்கு ஒரு நாள் தந்திருக்கலாம் அந்த மனுசன். ஹொப்பித்தாலில் ஒவ்வொரு நாளும் கஞ்சி கொண்டுபோனேனே. கஞ்சியைக் குடித்துவிட்டு, "உப்புக் காணாது" என்று மட்டும் சொன்னார்.

பெட்டி இப்போது என் அலுமாரியில், அவருடைய குளிர்ச் சட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. சாம்பலை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம், நம்முடைய வழக்கத்திலும் கூடாது. ஐயரிடம் கேட்டேன், "அம்மா, வீட்டிலை வச்சிருக்காதேங்கோ, கெதியாய் ஒரு முடிவு எடுங்கோ" என்கிறார். தங்கச்சி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வில்லியே லே பெல்லிலிருந்து பஸ்ஸும் ரயிலும் ஏறி வந்து, "பிள்ளை பிறக்க முதல் உதை முடியுங்கோ அம்மா" என்று அழுகிறாள். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு ராத்திரியும் அலுமாரிக் கதவைத் திறந்து அவரை நான் பேசாத பேச்சு இல்லை. மனுசன் உயிரோடு இருந்த காலத்தில்கூட இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

முடிவு எடுத்துவிட்டேன். ரூ லூயி-பிளாங் கடைக்காரரிடம் போய் அஸ்வானுக்கு இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன், ஆட்டைத் திவசத்துக்கு முதல் கிழமை. இந்தத் தரம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொள்ளி வைத்தவன் நீ, செய்ய வேண்டிய கிரியையை நீதான் செய்ய வேண்டும், அதனால் வா. எள்ளும் தர்ப்பையும் நான் கொண்டு வருகிறேன், வேட்டியை நீ கொண்டு வா, அரைக்காற்சட்டையோடு வந்தால் படகில் ஏற்ற மாட்டேன். பெட்டியை நான்தான் பிடிப்பேன், நான்தான் திறப்பேன், நான்தான் விடுவேன். நீ பக்கத்தில் இரு. மனம் மாறிவிட்டேன் என்றோ உன்னை மன்னித்துவிட்டேன் என்றோ நினைக்காதே, இரண்டும் இல்லை. அவர் கேட்டதைச் செய்கிறேன், அவ்வளவுதான். கேட்ட விதத்துக்கு நான் உங்கள் இரண்டு பேரையும் விடப்போவதில்லை.

என் காலம் முடிந்தபிறகு என்னைக் கீரிமலைக்குக் கொண்டுபோக வேண்டாம். முந்தி அப்படித்தான் சொல்லியிருந்தேன், அதை இப்போது மாற்றுகிறேன், பொம்பிளைக்கும் மாற்ற உரிமை இருக்கிறது. என்னையும் அதே ஆற்றில், அதே இடத்தில் விடு. படகுக்காரனைக் கேட்டால் காட்டுவான், எங்களை அவன் மறந்திருக்க மாட்டான். இது பாசத்தில் சொல்வது இல்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அந்த மனுசனை நேரில் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே தனியாக, கரைச்சல் இல்லாமல் இருக்கலாம் என்று கொப்பர் நினைத்திருந்தால், அந்த நினைப்பை விடச் சொல்லு.

அம்மா